பாவாத மலையில் ஒரு பகல்: குழுவாக மலையேறுவது பற்றிய ஒரு பாடம்

இலங்கையின் மலைகளைப் படத்திலே குறிக்கத் தெரிந்த மாணவிகள் எமது கல்லூரியில் பலர் உள்ளனர். பிதுருதலாகல 2524 மீற்றர், பாவாத மலை 2243 மீற்றர் என்று அவர்கள் மனனமாகச் சொல்லுவார்கள். ஆனால் 2243 மீற்றர் என்பது கால்களுக்கு எவ்வளவு, மூச்சுக்கு எவ்வளவு, கைக்கடிகாரத்துக்கு எவ்வளவு என்பது ஏறிப் பார்த்தால்தான் தெரியும். கடந்த தை மாதத்தில் உயர்தரப் புவியியல் மாணவிகளோடு அம்மலைக்குச் சென்றுவந்த பின்னர், வகுப்பில் நாம் பேசியவற்றையும் கணித்தவற்றையும் ஒழுங்குபடுத்தி இக்கட்டுரையை எழுதுகிறேன். அடுத்த வருடம் செல்லவிருக்கும் மாணவிகளுக்கு இது பயன்படும்.

இங்கே நான் ஆராய விரும்பும் கேள்வி ஒன்றுதான். இருபது பேருக்கு மேற்பட்ட ஒரு குழு மலையேறும்போது, அக்குழுவின் வேகம் யாருடைய வேகமாக இருக்க வேண்டும்? விரைந்து நடப்பவளுடையதா, மெதுவாக நடப்பவளுடையதா? இது ஒழுக்கம் பற்றிய கேள்வி போலத் தோன்றினாலும், நேரம், காலநிலை, பாதுகாப்பு என்ற மூன்றையும் தொடும் புவியியற் கேள்வியாகவும் இருக்கிறது.

மலையும் அதன் பெயர்களும்

நாம் பாவாத மலை என்கிறோம். பாவா ஆதம் மலை என்பதே பேச்சு வழக்கில் இவ்வாறு சுருங்கியது. இந்துக்களுக்கு அது சிவனொளிபாத மலை. பௌத்தர்களுக்கு ஸ்ரீ பாத. சமனல கந்த என்ற பெயரும் உண்டு. ஆங்கில நூல்களில் ஆதாமின் சிகரம். ஒரே உச்சிக்கு இத்தனை பெயர்கள் இருப்பது, இத்தனை மக்கள் அதனை நோக்கி நடந்திருக்கிறார்கள் என்பதற்குச் சான்றாகும்.

முஸ்லிம் மாணவிகள் ஒன்றைத் தெளிவாக அறிந்திருத்தல் நல்லது. ஆதம் நபி (அலை) அவர்கள் பூமியில் இறக்கப்பட்ட இடத்தின் பெயரை அல்குர்ஆன் குறிப்பிடவில்லை. ஸரன்தீப் மலை பற்றிய செய்தி வரலாற்றாசிரியர்களும் பயணிகளும் எழுதிவைத்தவற்றின் வழியாகவே எமக்கு வந்துள்ளது. கி.பி. 851ஆம் ஆண்டளவிலான அரபுக் கடற்பயணக் குறிப்புகளிலேயே இம்மலை பேசப்படுகிறது. எனவே நாம் சென்றது வரலாற்றையும் புவியியலையும் கற்கும் மாணவியராகவே. அங்கு வழிபாட்டுக்காக வரும் ஏனைய சமயத்தவரின் மனம் நோகாதபடி நடந்துகொள்வது எமது கடமை என்பதையும் புறப்படுமுன்னரே பேசிக்கொண்டோம்.

புவியியல் ரீதியில் இம்மலையின் முக்கியத்துவம் அதன் உயரத்தில் மட்டும் தங்கியதன்று. இதைவிட உயர்ந்த மலைகள் எமது நாட்டில் உள்ளன. ஆனால் அவற்றிற் பல உயர் சமவெளிகளின் மேல் எழுந்து நிற்பவை. பாவாத மலையோ மத்திய மலைநாட்டின் தென்மேற்கு விளிம்பில், தாழ்நிலத்துக்கு நேரே மேலாகக் கூம்பு வடிவில் எழுகிறது. கடலிலிருந்து பார்த்த மாலுமிகளின் கண்ணில் இது முதலில் பட்டதற்குக் காரணம் அதுவே. களுகங்கை இங்கே உற்பத்தியாகிறது. மஸ்கெலி ஓயாவும் இம்மலைத் தொடரின் நீரை ஏந்தி மவுசாக்கலை நீர்த்தேக்கத்தினூடாகச் சென்று களனி கங்கையுடன் சேர்கிறது. கொழும்பு மாநகரின் குடிநீருக்கு அம்பத்தலையில் நீர் எடுக்கப்படுவது அந்தக் களனி கங்கையிலிருந்துதான். ஆகவே இம்மலைப்பாதையில் எறியப்படும் ஒரு பொலித்தீன் பை மலைக்கு மட்டும் உரிய பிரச்சினை அன்று. மலையைச் சூழவுள்ள காடு உட்பட எமது மத்திய மலைநாடு 2010ஆம் ஆண்டு உலக மரபுரிமையாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

1344இல் ஏறிய ஒரு குழு

இம்மலையில் ஏறியவர்களுள் எமக்கு மிகவும் நெருக்கமானவர் மொரோக்கோ நாட்டின் தஞ்சாவில் 1304இல் பிறந்த இப்னு பதூதா ஆவார். மாலைதீவிலிருந்து மஃபர் எனப்பட்ட சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்ட அவரது கப்பல், காற்றினால் திசைமாறி 1344இல் இலங்கையின் மேற்குக் கரையை அடைந்தது. அவர் பத்தாலா என்று எழுதிய துறைமுகம் புத்தளம் எனக் கொள்ளப்படுகிறது. அங்கே ஆரியச் சக்கரவர்த்தி மன்னர் அவரை வரவேற்றார். மன்னருக்குப் பாரசீக மொழி விளங்கியது. முத்துக்களைக் காட்டி உபசரித்த மன்னரிடம் இப்னு பதூதா கேட்டது, ஆதமின் பாதச் சுவட்டைக் காணும் வாய்ப்பை மட்டுமே.

மன்னர் கொடுத்த துணையைக் கவனியுங்கள். அவரைச் சுமந்து செல்ல ஒரு பல்லக்கும் அதைத் தூக்குவோரும், ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் வழக்கமுடைய நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், மன்னரின் பரிவாரத்தைச் சேர்ந்த பத்துப் பேர், உணவுப் பொருள்களைச் சுமக்கப் பதினைந்து பேர். பல்லக்குத் தூக்கியவர்களைத் தவிர்த்தே முப்பத்திரண்டு பேர். ஏறக்குறைய அரைவாசிப் பேர் உணவு சுமந்தவர்கள். வழி அறிந்தவர்களோ அவரது மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். அவர் தம் நூலில் இதனை ஒரு குறையாக எழுதவில்லை. யார் பாதையை அறிந்தவரோ அவரோடு நடந்தார்.

அவர் எழுதியவற்றுள் இன்றும் மாணவிகள் மலையிலே கண்டு சரிபார்க்கக்கூடியவை பல உள்ளன. கடலில் ஒன்பது நாள் தொலைவில் இருக்கும்போதே புகைத்தூண் போல மலை தெரிந்தது என்கிறார். ஏறும்போது முகில்கள் தமக்குக் கீழே நின்று அடிவாரத்தை மறைத்தன என்கிறார். பாறையில் படிகள் வெட்டப்பட்டு, இரும்பு முளைகளில் சங்கிலிகள் தொங்கவிடப்பட்டிருந்தன என்றும், பத்தாவது சங்கிலியை அடைந்தவர் கீழே பார்த்ததும் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் ஷஹாதாவை மொழிவதால் அதற்கு அப்பெயரே வந்தது என்றும் குறிப்பிடுகிறார். நீருக்கு அருகே உள்ள செடிகளிலிருந்து மனிதர்மேல் தாவும் அட்டைகளைப் பற்றியும், அவற்றின் மேல் எலுமிச்சம்பழச் சாற்றைப் பிழிந்து விழுத்தும் முறையைப் பற்றியும் எழுதியுள்ளார். எங்கள் குழுவும் எலுமிச்சம்பழம் கொண்டுபோனது. தை மாதத்தில் இப்பக்கம் மழை குறைவு என்பதால் இரண்டு பேருக்குத்தான் அது தேவைப்பட்டது.

மலைக்கு இரண்டு பாதைகள் இருந்ததாகவும், ஒன்று பாபாவின் பாதை, அதாவது ஆதமின் பாதை, மற்றது மாமாவின் பாதை, அதாவது ஹவ்வாவின் பாதை என அழைக்கப்பட்டதாகவும் அவர் சொல்கிறார். ஹவ்வாவின் பாதை இலகுவானது. ஆனால் அதனால் மட்டும் ஏறியவரை மலைக்குச் சென்றவராகவே மக்கள் கணக்கெடுக்க மாட்டார்களாம். இதை வாசித்தபோது எங்கள் வகுப்பில் எழுந்த சிரிப்பையும் எதிர்ப்பையும் நான் இங்கே எழுதத் தேவையில்லை.

குழுவாக ஏறுவதற்கு எமது நாட்டிலேயே ஒரு மரபு உண்டு. சிங்கள யாத்திரிகர்கள் கூட்டமாகச் செல்வதை நடே என்றும், அதனை வழிநடத்தும் அனுபவசாலியை நடே குரா என்றும் அழைப்பர். முதன்முறை ஏறுபவரைக் கோடு என்பர். அவர்மேல் எல்லோரும் தனிக் கவனம் வைப்பார்கள். முதலாம் விஜயபாகு மன்னனின் அம்பகமுவக் கல்வெட்டு, யாத்திரிகர்களின் வசதிக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடுகளைப் பற்றிப் பேசுகிறது. எனவே வழிநடத்துபவர், உணவு, தங்குமிடம், புதியவர் மீது கவனம் ஆகியன நாம் புதிதாகக் கண்டுபிடித்தவை அல்ல. இம்மலை நெடுங்காலமாகக் குழுக்களுக்குப் பழகிய மலை.

நேரக் கணக்கு

மார்கழிப் போயா தொடக்கம் வெசாக் போயா வரை யாத்திரைக் காலம். பெரும்பாலோர் நள்ளிரவில் ஏறத் தொடங்கி, சூரிய உதயத்தையும் மலையின் முக்கோண நிழலையும் காண்பார்கள். எமது பெற்றோர் அனுமதிக் கடிதத்தில் கையொப்பமிட்டபோது ஒரு நிபந்தனை வைத்தார்கள். இருட்டில் ஏறவும் கூடாது, இருட்டில் இறங்கவும் கூடாது. நியாயமான நிபந்தனை. ஆகவே முதல்நாள் மாலையே ஹற்றன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் சென்று தங்கி, மறுநாள் பகலில் ஏறி இறங்குவது என்று தீர்மானித்தோம். இருபத்திரண்டு மாணவிகள், மூன்று ஆசிரியைகள், இரண்டு மாணவிகளின் உம்மாமார், ஒரு மாணவியின் வாப்பா என இருபத்தெட்டுப் பேர்.

மலையேறும் நேரத்தைக் கணிக்க ஒரு பழைய விதி உண்டு. ஸ்கொட்லாந்து மலையேறுநர் வில்லியம் நைஸ்மித் 1892இல் அதனை வகுத்தார். மீற்றர் அளவில் சொன்னால், தட்டையான தூரத்தில் 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம். அதனோடு, ஏறும் உயரத்தில் 600 மீற்றருக்கு இன்னுமொரு மணித்தியாலம். நல்லதண்ணியிலிருந்து உச்சிவரை பாதையின் நீளம் ஏறத்தாழ 7 கிலோமீற்றர். ஏற வேண்டிய உயரம் சுமார் 1000 மீற்றர். படிகள் ஐயாயிரத்துக்கும் மேல். விதியின்படி 7ஐ 5ஆல் வகுக்க 1.4 மணித்தியாலம், 1000ஐ 600ஆல் வகுக்க ஏறத்தாழ 1.7 மணித்தியாலம். மொத்தம் மூன்று மணித்தியாலத்துக்குச் சற்று அதிகம்.

ஆனால் இக்கணக்கு உடல்வலிமையுள்ள ஒருவர் ஓய்வின்றி நடப்பதற்கானது. எமது குழுவில் ஒரு மாணவிக்குச் சிறுவயதில் ஒரு கால் முறிந்து பொருத்தப்பட்டிருந்தது. வைத்தியர் அனுமதித்திருந்தார். அவளும் வர விரும்பினாள். மட்டமான தரையில் அவளது நடையில் வித்தியாசம் தெரியாது. படிகளில்தான் தெரியும். ஆகவே பயணத்துக்கு முன் மூன்று சனிக்கிழமைகளில் கல்லூரிக்கு அருகிலுள்ள மேட்டுப்பாதையில் எல்லோரையும் நடக்கவிட்டு நேரத்தை அளந்தோம். விரைவான மாணவிகள் மணித்தியாலத்துக்கு 400 மீற்றர் உயரம் ஏறக்கூடியவர்கள். அம்மாணவி 250 மீற்றர் ஏறுவாள். 1000ஐ 250ஆல் வகுக்க நான்கு. ஓய்வுக்கு ஒரு மணித்தியாலம் சேர்த்தால் ஐந்து.

எங்கள் அட்டவணை இதிலிருந்துதான் உருவானது. காலை 6.15க்குப் புறப்படுதல். 11.15 அளவில் உச்சி. இறங்க மூன்றரை மணித்தியாலம். மாலை 6 மணி தாண்டியதும் சூரியன் மறைந்துவிடும். எனவே எங்கே நின்றாலும், உச்சிக்கு நூறு படி குறைவாக நின்றாலும், நண்பகல் 12 மணிக்குத் திரும்ப வேண்டும். இதனைத் திரும்பும் நேரம் என்போம். இந்த நேரத்தை மலையில் தீர்மானிக்கக் கூடாது. உச்சி கண்ணுக்குத் தெரியும்போது எந்த மனிதரும் சரியாகக் கணக்குப் பார்ப்பதில்லை. ஆகவே அதை முதல்நாள் இரவே எழுதி எல்லோரும் கையொப்பமிட்டோம்.

முன்னே நடந்தவள்

குழுவின் ஒழுங்கு இவ்வாறு இருந்தது. முதலில் ஓர் ஆசிரியை, அவருக்கு அடுத்ததாகக் கால் முறிந்திருந்த அந்த மாணவி, பின்னர் ஏனையோர், கடைசியில் நானும் அந்த வாப்பாவும். மெதுவாக நடப்பவளைக் கடைசியில் விட்டால் என்ன நடக்கும்? முன்னே செல்வோர் ஓய்வெடுத்துக் காத்திருப்பார்கள். அவள் வந்து சேர்ந்ததும், அவர்கள் ஓய்வெடுத்து முடிந்ததால் எழுந்து நடப்பார்கள். அதாவது, ஓய்வு மிகவும் தேவையானவளுக்கே ஓய்வு கிடைக்காது. இது எளிய கணக்கு. ஆனால் பலர் கவனிப்பதில்லை.

ஜப்பானிய பௌத்த குருமார் அமைத்த வெண்ணிறத் தூபியைக் கடந்து, சீத கங்குல என்னும் குளிர் ஓடையையும் தாண்டும்வரை யாரும் முறையிடவில்லை. படிகள் செங்குத்தாகத் தொடங்கிய இடத்தில், ஒன்பது மணிக்குச் சற்று முன்னர், விரைவாக நடக்கக்கூடிய மாணவிகள் சிலர் என்னிடம் வந்தார்கள்.

“டீச்சர், நாங்க பத்துப் பேர் முன்னுக்குப் போறோமே. மேல போய் நிக்கிறோம். முகில் வந்திட்டா ஒண்டுமே தெரியாது.”

அவர்கள் சொன்னது பிழையில்லை. அப்போது வானம் துப்புரவாக இருந்தது. மேலேயிருந்து இறங்கிவந்த பெண்களும் சுற்றிவர எல்லாம் நன்றாகத் தெரிகிறது என்றே சொன்னார்கள். நான் அனுமதிக்கவில்லை. காரணத்தையும் அந்த இடத்திலேயே சொன்னேன். பிரிந்தால் முதலுதவிப் பை ஒரு பக்கத்திலும் தேவை மறுபக்கத்திலும் இருக்கும். மூன்று ஆசிரியைகள் இரண்டாகப் பிரிந்தால், ஒருவருக்குக் கால் சுளுக்கினால் கீழே அழைத்துச்செல்ல ஒருவரும், மற்றவர்களோடு நிற்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். மேலும், யார் யார் எங்கே என்று எண்ண முடியாத குழு, குழுவே அல்ல. அவர்கள் வாதாடவில்லை. ஆனால் முகங்கள் வாடியதை நான் பார்த்தேன்.

இப்பேச்சு முன்னே சென்றவளின் காதிலும் விழுந்துவிட்டது. அவள் வேகத்தைக் கூட்டினாள். அடுத்த நூறு படிகளை யாரும் எதிர்பாராத விரைவில் ஏறினாள். பிறகு கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது. “நான் இங்கயே இரிக்கிறன், நீங்க போயிட்டு வாங்க” என்றாள்.

மலையில் ஆபத்து பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. மெதுவாக நடப்பது ஆபத்தல்ல. தன்னால் மற்றவர்கள் தாமதிக்கிறார்கள் என்ற வெட்கத்தில் தன் சக்திக்கு மீறி நடப்பதுதான் ஆபத்து. உயரத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 2243 மீற்றர் உயரத்தில் வளியமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதன் முக்கால் பங்களவே இருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசன் அதே அளவில் குறைகிறது. இந்த உயரத்தில் ஆரோக்கியமானவருக்கு அது நோயாக மாறுவது அரிது. ஆயினும் விரைந்து ஏறினால் இதயமும் நுரையீரலும் கணக்குக் கேட்கும்.

அவளுக்கு நீரும் பேரீச்சம்பழமும் கொடுத்தோம். சற்று நேரத்தில், முன்னே போகக் கேட்டவர்களுள் ஒருத்தி வந்து அவளது பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். “அம்பது படிக்கு ஒருக்கா ஒரு நிமிசம் நிப்பம். நான் எண்ணுறன்” என்றாள். ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. எண்ணத் தொடங்கிவிட்டாள். அதன் பின்னர் குழு முழுவதும் அந்த எண்ணிக்கைக்கே நடந்தது. ஐம்பது படி, ஒரு நிமிடம். ஐம்பது படி, ஒரு நிமிடம். அருகே ஒரு சிங்களக் குடும்பம் தமது பாட்டியை இருபுறமும் தாங்கியபடி இதே போல நின்று நின்று ஏறியது. “கருணாவாய்” என்று அவர்கள் எமக்கு வாழ்த்துச் சொன்னார்கள். எங்கள் மாணவிகளும் திருப்பிச் சொன்னார்கள்.

உச்சியில்

11.25க்கு உச்சியை அடைந்தோம். இருபத்தெட்டுப் பேரில் ஓர் உம்மா மட்டும் கீழே தங்குமிடத்தில் நின்றதால், மேலே வந்தவர்கள் இருபத்தேழு பேர். எண்ணிச் சரிபார்த்தோம். அணிகளைக் கழற்றிவிட்டு, வழிபடுவோருக்கு இடைஞ்சலாகாதபடி ஓர் ஓரமாக நின்றோம். மலையேறியவர்கள் தாம் எத்தனையாவது முறை வந்தார்களோ அத்தனை தடவை அடிக்கும் மணி ஒன்று அங்கே உண்டு. அந்தப் பாட்டி அடித்த மணியோசையை எங்கள் மாணவிகள் எண்ணினார்கள். பதினேழு.

ஆனால் காட்சி எதுவும் இல்லை. நாலாபுறமும் வெண்முகில். மவுசாக்கலை நீர்த்தேக்கமும் தெரியவில்லை, மேற்கே தாழ்நிலமும் தெரியவில்லை. பத்து முழத்துக்கு அப்பால் எதுவுமே தெரியவில்லை. பத்து மணிக்கு வந்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும் என்று ஒருத்தி சொன்னாள். உண்மைதான். நான் அதை மறுக்கவில்லை.

ஏன் முகில் வந்தது என்பதையாவது கற்றுக்கொள்வோம் என்று வெப்பமானியை எடுத்தோம். காலை வெயிலில் மலைச்சரிவுகள் சூடாகும். சரிவை ஒட்டிய வளி வெப்பமடைந்து மேல்நோக்கி எழும். இதுவே பள்ளத்தாக்குக் காற்று. மேலே செல்லச் செல்ல அமுக்கம் குறைவதால் வளி விரிந்து குளிர்கிறது. பனிபடுநிலையை அடைந்ததும் அதிலுள்ள நீராவி ஒடுங்கி முகிலாகிறது. ஆகவே ஈரலிப்பான மலைநாட்டில் விடியற்காலை தெளிவாகவும், முற்பகல் செல்லச் செல்ல உச்சிகள் முகிலால் மூடியும் இருப்பது வழமை. உச்சியில் 11.30க்கு 14 பாகை செல்சியஸ். அதே நேரத்தில் கீழே நின்ற உம்மா தன்னிடமிருந்த வெப்பமானியைப் பார்த்துத் தொலைபேசியில் சொன்னது 20 பாகை. சராசரியாக 1000 மீற்றருக்கு 6.5 பாகை குறையும் என்று நாம் படித்ததற்கு இது கிட்டியது.

முகில் விலகும் என்று இன்னும் அரை மணித்தியாலம் காத்திருக்கச் சிலர் விரும்பினார்கள். கையொப்பமிட்ட தாளைக் காட்டினேன். 11.55க்கு இறங்கத் தொடங்கினோம். முகில் விலகவில்லை.

இறங்குதல்

ஏறுவதைவிட இறங்குவது இலகு என்று நினைப்பது தவறு. ஏறும்போது களைப்பது மூச்சு. இறங்கும்போது களைப்பது முழங்கால். தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடற்பாரத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் கால்கள் நடுங்கத் தொடங்கும். வழுக்கி விழுவதற்கு இது வாய்ப்பான நேரம். இறங்கும்போதும் அந்த மாணவியே முன்னே நடந்தாள். சீத கங்குலவுக்கு அருகே ஒதுக்கமான இடத்தில் வுழூச் செய்து ளுஹர் தொழுதோம். அங்கிருந்து கீழே, ஒவ்வொருவரும் ஒரு பையில் பாதையிற் கிடந்த குப்பையைப் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். 3.20க்கு நல்லதண்ணி. சூரியன் மறைய இன்னும் ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் மீதமிருந்தது.

வகுப்பில் நடந்த வாதம்

அடுத்த வாரம் இதையே வகுப்பில் விவாதத்துக்கு எடுத்தோம். நாம் பிரியாமல் ஏறியது சரியா? இருபத்திரண்டு பேரில் பதின்மூன்று பேர் சரி என்றார்கள். ஒன்பது பேர் இல்லை என்றார்கள். இல்லை என்றவர்களின் வாதத்தை நான் மதிக்கிறேன். ஒருவருக்காக எல்லோரும் இழக்க வேண்டுமா என்று அவர்கள் கேட்கவில்லை. அவர்கள் கேட்டது வேறு. ஆரம்பத்திலேயே இரண்டு குழுக்களாகத் திட்டமிட்டிருந்தால் என்ன? ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவி, தனி முதலுதவிப் பை, தனித் திரும்பும் நேரம், போதிய பெரியவர்கள். அப்போது யாரும் யாருக்காகவும் தாமதிக்கத் தேவையில்லை. யாரும் வெட்கப்படவும் தேவையில்லை அல்லவா?

இது நல்ல வாதம். இதற்கு எனது பதில், ஆம், அவ்வாறு செய்யலாம் என்பதே. ஆனால் பிரிவதென்றால் அடிவாரத்தில் பிரிய வேண்டும், சரிவில் பிரியக் கூடாது. அடிவாரத்தில் பிரிந்தவை இரண்டு குழுக்கள். சரிவில் பிரிந்தது உடைந்த ஒரு குழு. அதற்கு இன்னும் இரண்டு ஆசிரியைகளாவது தேவை. அடுத்த வருடத்துக்கு அதிபரிடம் அதனைக் கேட்டிருக்கிறோம்.

விவாதத்தில் கடைசியாகப் பேசியவள் முன்னே நடந்த அந்த மாணவி. தனக்கு அரைமனதாக இருக்கிறது என்றாள். தன்னால் காட்சி போனது மனதுக்குக் கஷ்டம். ஆனால், “மெதுவான குழு” என்று ஒன்றை அமைத்துத் தன்னை அதிலே போட்டிருந்தால் தான் வந்திருக்கவே மாட்டேன் என்றாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. இரண்டு குழு அமைப்பதானால் அவற்றுக்கு என்ன பெயர் வைப்பது, யார் எதில் சேர்வது என்பதும் கணக்கில் சேர வேண்டும் என்பதை அவளிடமிருந்து நான் கற்றேன். மாணவிகளே தாம் விரும்பியபடி சேரட்டும். விரைவாக நடப்பவர்கள் சிலரும் பிந்திச் செல்லும் குழுவில் இருக்கட்டும் என்று வகுப்பு முடிவு செய்தது. படிகளை எண்ணியவள் தன் பெயரை முதலில் அந்தக் குழுவில் எழுதினாள்.

அடுத்துச் செல்வோருக்கு

மேலே ஆராய்ந்தவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. ஏறும் நேரத்தை, குழுவில் மிக மெதுவாக நடப்பவரின் அளந்த வேகத்திலிருந்து கணிக்க வேண்டும். ஊகத்தால் கணிக்கக் கூடாது.

2. திரும்பும் நேரத்தை முதல்நாளே எழுதிவைக்க வேண்டும். உச்சி எவ்வளவு கிட்டத்தில் இருந்தாலும் அதை மாற்றக் கூடாது.

3. மெதுவானவர் முன்னே, பொறுப்பானவர் கடைசியில். ஒவ்வோர் ஓய்விடத்திலும் ஆட்களை எண்ண வேண்டும்.

4. ஒருவருக்கு ஒன்றரை லீற்றர் நீர், குளிராடை, மழையாடை, உப்புச் சேர்ந்த சிற்றுணவு, பேரீச்சம்பழம், அட்டைக்கு எலுமிச்சம்பழம். பொலித்தீன் கொண்டுசெல்ல வேண்டாம்.

5. பிரிவதாயின் அடிவாரத்திலேயே, முழுமையான இரண்டு குழுக்களாகப் பிரிய வேண்டும்.

6. வழிபாட்டிடத்தில் குரலையும் கமராவையும் அடக்கிவைக்க வேண்டும்.

பயிற்சி

அ. ஒரு மலைப்பாதையின் நீளம் 4 கிலோமீற்றர். ஏற வேண்டிய உயரம் 600 மீற்றர். நைஸ்மித் விதிப்படி ஏறும் நேரம் எவ்வளவு? மணித்தியாலத்துக்கு 200 மீற்றர் உயரம் ஏறும் ஒருவர் குழுவில் இருந்தால், அரை மணித்தியால ஓய்வும் சேர்த்து எவ்வளவு?

ஆ. அதே மலையின் அடிவாரத்தில் வெப்பநிலை 24 பாகை செல்சியஸ் ஆயின், உச்சியில் ஏறத்தாழ எவ்வளவு இருக்கும்?

இ. மாலை 6 மணிக்கு இருட்டும் என வைத்து, இறங்க இரண்டு மணித்தியாலமும் எதிர்பாராத தாமதத்துக்கு இரண்டு மணித்தியாலமும் ஒதுக்கினால், திரும்பும் நேரம் எது? காலை எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும்?

ஈ. உங்கள் வகுப்பில் யார் மிக மெதுவாக நடப்பவர் என்பதை, அவர் மனம் நோகாமல் எவ்வாறு அளப்பீர்கள்? இக்கேள்விக்குச் சூத்திரம் இல்லை. குழுவாக உட்கார்ந்து விடை எழுதுங்கள்.